தொடா முட்டு

வட கல்கத்தாவில் நீலமணி போரால் சந்தின் ஏழாம் நம்பர் வீடு நூற்றெழுபத்தெட்டு வருஷமாக யாருடைய அனுமதியும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. துர்கா பூஜை முடிந்த மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, அந்த வீட்டுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. அன்று முதல் அது நிற்பதற்கு மூன்று இலாகாக்களின் ஒப்புதல் தேவைப்பட்டது.

வீட்டுக்காரர் ஹரிசாதன் போரால், ஹோமியோபதி டாக்டர். வயது அறுபத்து மூன்று. சந்துக்குப் பெயர் கொடுத்த நீலமணி போரால் அவருக்கு எள்ளுத் தாத்தா. கீழே முன்னறையில் வைத்தியம், மாடியில் குடித்தனம், அதற்கும் மேலே கார்னிஸில் புறாக்கள் என்று வாழ்ந்துகொண்டிருந்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

முதல் கடிதம் சுரங்க ரயில் பணியகத்திலிருந்து. தங்கள் சந்தின் கீழே பதினாறு மீட்டர் ஆழத்தில் இரண்டு சுரங்கங்கள் தோண்டப்படும். இதனால் தங்கள் வீட்டுக்கு எந்தச் சேதமும் ஏற்படாது. ஏற்படும் சேதத்துக்குப் பணியகம் பொறுப்பல்ல.

இரண்டாவது, அபாயக் கட்டடப் பிரிவு. மேற்படி வீடு எந்நேரமும் விழக்கூடியது என்று தெரியவருவதால், ஏழு நாளுக்குள் முட்டுக் கொடுக்கவும், அல்லது இடிக்கவும்.

மூன்றாவது, மரபுக் கட்டடக் காப்பகம். மேற்படி வீடு முதல்தர மரபுச் சின்னமாக அறிவிக்கப்படுகிறது. இதன் சுவரை எந்தப் பொருளும் தொடலாகாது. மீறினால் சிறை.

அன்று சாயங்காலமே இரண்டு ஆட்கள் பலகை மாட்ட வந்தார்கள். ஒருவன் கையில் ‘அபாயகரமான வீடு’ என்ற சிவப்புப் பலகை. இன்னொருவன் கையில் ‘மரபுச் சின்னம் – சுவரைத் தொடாதீர்’ என்ற நீலப் பலகை. நீலப் பலகைக்காரனிடம் சுத்தியல் இல்லை. சிவப்புப் பலகைக்காரனிடம் இரவல் வாங்கி, நாலங்குல ஆணி ஆறு அடித்து, சுவரைத் தொடாதீர் என்பதைச் சுவரில் உறுதியாகப் பதித்துவிட்டுப் போனான்.

போராலின் மனைவி சுலேகா மூன்று கடிதத்தையும் வாங்கிப் படித்தாள். பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவள்.

“முதல் கடுதாசி ஒண்ணும் ஆகாதுங்குது. ரெண்டாவது விழப்போகுதுங்குது. மூணாவது, விழும்போது பிடிக்கக்கூடாதுங்குது. வேற ஒண்ணும் இல்லை, வாங்க சாப்பிட,” என்றாள்.

*

புதன்கிழமை சுரங்க ரயில் பணியகத்தின் உதவிப் பொறியாளர் நீலோத்பல் சாந்த்ரா வந்தார். நாற்பது வயதிருக்கும். கோப்புக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் நோகவிடாத குரலில் பேசுகிற நல்ல மனிதர். பணி தொடங்கும் முன்பே வீட்டில் இருக்கிற விரிசல்களைப் பதிவு செய்ய வந்திருப்பதாகச் சொன்னார். பின்னால் வருகிற விரிசல் எது, முன்னாலேயே இருந்தது எது என்று குழப்பம் வரக்கூடாதல்லவா.

இரண்டு நாள் ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு விரிசலுக்கும் சாக்கட்டியால் நம்பர் போட்டார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு. இதில் பாதிக்கு மேல் தம் கண்ணில் பட்டதே இல்லை என்று போரால் சொல்லிப் பார்த்தார். கண்ணில் படாததெல்லாம் இனிமேல் வரப்போகிறவை, முன்கூட்டியே எழுதிவைத்தால் இரு தரப்புக்கும் சிரமமில்லை என்று சாந்த்ரா விளக்கினார். நூற்று நாற்பத்தேழாம் விரிசல் மட்டும், அவர் நம்பர் எழுதி முடிப்பதற்குள் வாலை ஆட்டிக்கொண்டு உத்தரத்துக்குப் பின்னால் போய்விட்டது.

பெரிய விரிசல்கள் ஒன்பதின் மேல் குறுக்காகக் கண்ணாடிச் சில்லு ஒட்டினார்கள். அதற்குச் சாட்சிக் கண்ணாடி என்று பெயர். சுவர் ஒரு மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். சந்து முனையில் பெரிய குழி தோண்ட ஆரம்பித்த பத்தாம் நாள் மூன்று கண்ணாடிகள் உடைந்தன. போரால் போன் செய்தார். சாந்த்ரா ஓடி வந்தார். உண்மையாகவே கவலைப்பட்டார். தடிமனான கண்ணாடி ஒட்டிவிட்டுப் போனார். அதுவும் உடைந்தது. மூன்றாம் தடவை வரும்போது பிளாஸ்டிக் கொண்டுவந்தார்.

“இது வளையுமே ஒழிய உடையாதே,” என்றார் போரால்.

“அதுக்குத்தான் டாக்டர்பாபு. கண்ணாடி உடைஞ்சா ஒவ்வொரு தடவையும் நான் அறிக்கை எழுத வேண்டியிருக்கு. எழுதினா மேலிடத்துக்குக் கவலை. உங்களுக்கும் கவலை. எதுக்கு?”

அந்த மாத அறிக்கையில், ஏழாம் நம்பர் வீட்டில் சாட்சிகள் எதுவும் உடையவில்லை என்று எழுதப்பட்டது.

ஆனாலும் கவலை போகவில்லை. சுலேகா பூரிக்கு மாவு உருட்டும்போது பலகையிலிருந்து லுச்சி மாவு உருண்டை தானாகத் தெருப்பக்கமே ஓடியது. மாடிக் கதவு சாத்த மறுத்தது. போரால் தினம் காலையில் பல் துலக்கிக்கொண்டே முன்சுவரின் பெரிய விரிசலில் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பார். மார்கழி பிறக்கும்போது சுண்டுவிரல் போய் மோதிரவிரல் நுழைந்தது.

*

பணியகம் அனுப்பிய பதினான்கு இரும்பு முட்டுக்கம்பங்கள் லாரியில் வந்திறங்கிய அன்று, மரபுக் கட்டடக் காப்பகத்தின் அதிகாரி மந்திரா குஹாவும் வந்தார். கைத்தறிச் சேலையும் சுடுமண் தோடும் அணிந்த அம்மாள். பழைய கட்டடங்கள் மீது அவருக்கு இருந்தது வேஷமில்லாத அன்பு. வாசல் தூணின் இலை வேலைப்பாட்டைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரை எதுவும் தொடக்கூடாது என்றார்.

அபாயக் கட்டடப் பிரிவு முட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறதே என்று சாந்த்ரா நினைவூட்டினார். முட்டுக் கொடுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது, தொடாமல் கொடுங்கள் என்றார் குஹா.

போராலின் வைத்திய அறையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினார்கள். நாலு சுற்று டீயும் ஒரு தட்டு சிங்காடாவும் தீர்ந்தபோது ஒரு முடிவு பிறந்தது. சாந்த்ரா அதை வீட்டுக்காரருக்கு விளக்கினார்.

“சுவருக்கும் கம்பத்துக்கும் நடுவுல எழுபத்தஞ்சு மில்லிமீட்டர் இடைவெளி விட்டுடுவோம் டாக்டர்பாபு.”

“அப்ப எப்படித் தாங்கும்?”

“சுவர் சாஞ்சா தாங்கும். சாயற வரைக்கும் தாங்க வேண்டிய அவசியம் இல்லையே.”

“சாஞ்சு வந்து கம்பத்தைத் தொடுமே. தொட்டா ஜெயில்னு எழுதியிருக்கே.”

இதற்கு குஹா பதில் சொன்னார். “கம்பம் சுவரைத் தொடக்கூடாதுன்னுதான் சட்டம். சுவர் தானா வந்து கம்பத்தைத் தொட்டா அது குத்தமில்லை. அதுக்கு நாங்க எப்படித் தடை போட முடியும்?”

மூன்று அங்குலம் சாய்கிற வரைக்கும் நூற்றெழுபத்தெட்டு வருஷத்துச் செங்கல் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்காது, சாந்த்ரா சொல்கிற இடத்துக்கு வந்து சேரும்போது அது சுவராக இருக்காது, குவியலாக இருக்கும் என்று போரால் வாதாடினார். சாந்த்ரா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அலமாரியில் வரிசையாக இருந்த சின்னச் சின்ன மருந்துக் குப்பிகளைப் பார்த்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு சொட்டு மருந்தை ஒரு குளத்துத் தண்ணியில கலந்து, அதுலேருந்து ஒரு சொட்டு எடுத்து நோயாளிக்குக் கொடுக்கறீங்க. அதுல மருந்து இருக்கா?”

“மருந்து இருக்குன்னு இல்லை. மருந்தோட சக்தி இருக்கு.”

“இதுவும் அப்படித்தான்.”

அந்தப் பதிலைச் சொல்லி முப்பத்தாறு வருஷமாக எத்தனையோ நோயாளிகளின் வாயை அடைத்தவர் போரால். இப்போது அவர் வாய் அடைத்துப்போயிற்று.

கம்பங்கள் நடப்பட்டன. இரும்புக்கு மஞ்சள் வர்ணம் அடித்தார்கள். குஹா ஸ்கேல் வைத்து ஒவ்வொரு இடைவெளியாக அளந்து கையெழுத்துப் போட்டார். யாரும் கம்பத்தைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிடாமலிருக்க ஒரு காவலாளியும் போட்டார்கள். கோப்பில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சாந்த்ரா யோசித்து, ‘தொடா முட்டு’ என்று எழுதினார்.

*

கோவர்த்தன் மிஸ்திரி அந்த வட்டாரத்துத் தச்சர். மாடிக் கதவை இழைத்துக் கொடுக்க வந்தவர், இடைவெளிக்குள் கையை விட்டு முழங்கை வரை ஆட்டிப் பார்த்தார்.

“பாபு, இது முட்டு இல்லை. வேடிக்கை பாக்க வந்து நிக்கிற ஆளு,” என்றார்.

சுரங்க இயந்திரம் வீட்டின் கீழே வர ஒன்பது நாள்தான் இருந்தது. கோவர்த்தன் சொன்ன வழி ஒன்றுதான். நடுவில் ஒரு பலகையைக் கொடுத்து, எதிரும் புதிருமாக இரண்டு ஆப்பு இறுக்கிவிட வேண்டும். பதினான்கு கம்பத்துக்கும் அப்படிச் செய்துவிட்டால் சுவர் அசையாது. நன்றாகக் காய்ந்த பழைய சால மரம் வேண்டும், பச்சை மரம் சுருங்கிக் காலை வாரிவிடும்.

போராலுக்கு ஜெயில் பயம். தன் மருந்திலேயே ஒரு வேளை போட்டுக்கொண்டும் பயம் போகவில்லை. சுலேகாதான் மாடிக்குப் போனாள். அங்கே நீலமணி போரால் காலத்துக் கட்டில் ஒன்று இருந்தது. நாலு கம்பம் வைத்த, ஏணி போட்டு ஏறுகிற சால மரக் கட்டில். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் அதில்தான் படுத்து வந்தார்கள். அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, அறுங்கள் என்றாள்.

“ஜெயில்ல போட்டா?” என்று கேட்டார் போரால்.

“அங்க கூரை உறுதியா இருக்கும்.”

மோகன் பாகானும் ஈஸ்ட் பெங்காலும் கால்பந்தில் மோதிய ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வேலை நடந்தது. காவலாளி டீக்கடை டிவிக்குப் போய்விட்டான். கோல் விழும்போதெல்லாம் எழுகிற கூச்சலில் சுத்தியல் சத்தம் அமுங்கிவிடும் என்பது கோவர்த்தனின் கணக்கு. ஆனால் எழுபது நிமிஷம் வரை இரண்டு பக்கமும் ஒரு கோல்கூடப் போடவில்லை. சுத்தியலில் சுலேகாவின் பழைய ரஜாய்ப் பஞ்சுப் போர்வையைச் சுற்றி, பிள்ளையைத் தட்டித் தூங்கவைக்கிற மாதிரி அடிக்க வேண்டியதாயிற்று. முடித்ததும் புது மரவெட்டுத் தெரியாமலிருக்க, சுண்ணாம்பும் அடுப்புக்கரியும் டீத்தண்ணீரும் குழைத்துப் பூசினார் கோவர்த்தன். சுவரும் ஆப்பும் ஒரே அழுக்காக ஆயின. போரால் அன்றிரவு தரையில் மெத்தை விரித்துப் படுத்துப் பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

இயந்திரம் வந்த நாளில் சந்துக்காரர்கள் எல்லோரையும் வெளியேற்றி, சந்து முனையில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். காலை பதினொன்றே காலுக்கு உள்ளங்காலில் ஒரு நடுக்கம் ஏறியது. ஏழாம் நம்பர் கார்னிஸிலிருந்து புறாக்கள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. முன்சுவர் நெடுகச் சுண்ணாம்புத் தூள் மெல்லிய திரையாக இறங்கியது. அந்தத் தூளுக்குள்ளிருந்து, பாரம் ஏறிய மாட்டு வண்டி அச்சு முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அது ஆப்புகளின் சத்தம் என்று அந்தக் கூட்டத்தில் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். ஊர் பார்க்கப் புருஷன் கையைப் பிடித்தறியாத சுலேகா, போராலின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாற்பது நிமிஷம் அப்படியே நின்றார்கள்.

தூள் அடங்கியது. வீடு நின்றது.

பக்கத்தில் நின்ற சாந்த்ரா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பார்த்தீங்களா, தொடாமலே தாங்கிடுச்சு,” என்றார். அவர் குரலில் எல்லோரையும்விட அதிக ஆச்சரியம் இருந்தது.

*

தொடா முட்டு புகழ் பெற்றது. உலகத்திலேயே முதன்முறையாக ஒரு கட்டடம், எதுவும் தொடாமல் தாங்கப்பட்டிருக்கிறது என்று பணியகம் அறிக்கை வெளியிட்டது. சாந்த்ரா டெல்லிக்குப் போய்க் கட்டுரை வாசித்து, ஒரு கேடயம் வாங்கி வந்தார். வந்ததும் நிர்வாகப் பொறியாளர் ஆனார். பக்கத்துச் சந்தில் பதினோரு வீடுகளுக்கும் அதே முறை என்று உத்தரவாயிற்று.

அடுத்தபடியாக ஊரில் நாகரிகம் உள்ளவர்கள் வந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் விழப்போகிற வீடுகளை ரசிப்பது ஒரு மோஸ்தராகப் பரவியிருந்தது. ஞாயிறு தோறும் முப்பது பேர் லினன் சட்டை போட்டுக்கொண்டு, வழிகாட்டி ஒருவரின் பின்னால் வந்து, மஞ்சள் கம்பங்களின் முன்னால் நின்று பெருமூச்சு விட்டார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் விரிசலுக்கு முன்னால் படம் எடுத்துக்கொள்ள வந்தார்கள். இவர்கள் எல்லோரும் விரிசலே இல்லாத புது அடுக்குமாடிகளிலிருந்து வந்தவர்கள். ஒரு புகைப்படக்காரன் போராலை ஜன்னலோரம் நிற்கச் சொல்லி, கொஞ்சம் சோகமாக இருக்கும்படி கேட்டுக்கொண்டான். போராலுக்கு அதில் சிரமம் இருக்கவில்லை.

அப்படி எடுத்த படம் ஒன்று பத்திரிகையின் ஞாயிறு மலரில் முழுப்பக்கம் வந்தது. சிவப்புக் கரைச் சேலை கட்டிய மணப்பெண் கம்பத்தில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்கை ஓர் ஆப்பின் மேல் அழகாக ஊன்றியிருந்தது.

திங்கட்கிழமை காலை சாந்த்ரா வந்தார். பத்திரிகையை எட்டாக மடித்துக் கோப்புக்குள் வைத்திருந்தார். விரித்துக் காட்டினார்.

“இது என்ன டாக்டர்பாபு?”

“ஆப்பு.”

“யாருக்கு வச்சீங்க?”

“சுவருக்கு.”

சாந்த்ரா நோயாளிகள் பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தார். “எனக்குத்தான் வச்சிருக்கீங்க,” என்றார்.

அவர் நிலைமை பரிதாபமாகத்தான் இருந்தது. ஆப்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் கேடயத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லை என்று சொன்னால் மணப்பெண் எதன் மேல் கையூன்றினாள் என்று கேட்பார்கள். போரால் அவருக்கு மனம் தேற இரண்டு உருண்டை மருந்து கொடுத்தார்.

விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. குஹா தலைமையில் ஏழு பேர். அவர்களில் ஒரு மர நிபுணர் இருந்தார். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், தட்டினார், முகர்ந்தார், நகத்தால் கீறி நாக்கில் வைத்துக்கொண்டார். பிறகு, மரம் சால மரம், கையால் வெட்டியது, வயது நூற்றெழுபது வருஷத்துக்குக் குறையாது, ஆகவே இது வீடு கட்டும்போதே வைத்த அலங்கார வேலைப்பாடு என்று எழுதினார். சாந்த்ராவுக்கு உயிர் திரும்பிவந்தது. போராலுக்கும் வந்தது. ஆப்பு சட்டப்படி வீட்டின் ஒரு பாகம் ஆகிவிட்டால் பிறகு யார் அதைப் பிடுங்க முடியும்?

யாரும் பிடுங்கவில்லை. ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. மேற்படி இருபத்தெட்டு ஆப்புகளும் முதல்தர மரபுச் சின்னத்தின் பிரிக்கமுடியாத அங்கங்கள் எனக் கண்டறியப்பட்டுள்ளன. ஆகவே அவற்றை எந்தப் பொருளும் தொடலாகாது. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் முட்டுக்கம்பங்களை உடனடியாக எழுபத்தைந்து மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளவும்.

இரண்டாவது சுரங்கத்துக்கு ஒரு மாதம் இருந்தது. போரால் காப்பகத்துக்கு ஓடினார். கம்பம்தான் ஆப்பைத் தாங்குகிறது, ஆப்புதான் சுவரைத் தாங்குகிறது என்று கும்பிட்டுச் சொன்னார். குஹா கனிவோடு கேட்டார். ஆப்பு நூற்றெழுபத்தெட்டு வருஷமாக இருக்கிறது, கம்பம் வந்து நாலு மாதம்தான் ஆகிறது, அதற்கு முன்னால் ஆப்பை எது தாங்கியது என்று திருப்பிக் கேட்டார். போரால் உண்மையைச் சொல்லாவிட்டால் வீடு போய்விடும், சொன்னால் அவரே போக வேண்டியதுதான். வீட்டுக்குத் திரும்பிவந்தார்.

குறித்த நாளில் நாலு அதிகாரிகள் முன்னிலையில் முதல் கம்பத்தைத் தளர்த்தினார்கள். ஆப்பு ஒன்று நழுவிச் சாந்த்ராவின் வலது கால் கட்டைவிரல் மேல் விழுந்தது. அவர் வலியில் குனிந்தார். ஆனாலும் அது முதல்தர மரபுச் சின்னம் என்பது நினைவுக்கு வந்து, இரண்டு கையாலும் பயபக்தியோடு எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். மேலே சுவரிலிருந்து ஒரு கைப்பிடித் தூள் உதிர்ந்து எல்லோர் தலையிலும் விழுந்தது.

இப்போது ஒரு சிக்கல். மரபுச் சின்னத்தின் அங்கம் இடம் பெயர்ந்தால் பழைய இடத்திலேயே வைத்தாக வேண்டும். பழைய இடத்தில் நிற்க வேண்டுமானால் கம்பம் அதைத் தொட வேண்டும். தொடக்கூடாது. விழவும் கூடாது. அதிகாரிகள் காரில் உட்கார்ந்து யோசித்தார்கள். கடைசியில், இறுதி உத்தரவு வரும்வரை தற்காலிகத் தொடுகைக்கு அனுமதி, மற்றப் பதின்மூன்று கம்பங்களும் அதுவரை இருந்தபடி இருக்கட்டும் என்று எழுதினார்கள். கோவர்த்தன் மிஸ்திரி வரவழைக்கப்பட்டார். பட்டப்பகலில், நாலு அதிகாரிகள் பார்த்திருக்க, ஒருவர் வீடியோ எடுக்க, அவர் ஆப்பை ஓங்கி ஓங்கி அடித்து இறுக்கினார். இந்தத் தடவை ரஜாய் தேவைப்படவில்லை.

இரண்டாவது சுரங்கமும் போனது. வீடு நின்றது.

*

அன்றைக்குச் சுலேகாதான் கணக்குப் போட்டுச் சொன்னாள். இறுதி உத்தரவு வந்தால் கம்பத்தை எடுத்துவிடுவார்கள். வராதவரை எடுக்க மாட்டார்கள். ஆக, வீட்டைத் தாங்குவது கம்பமும் இல்லை, ஆப்பும் இல்லை. முடிவாகாமல் கிடக்கிற ஒரு கோப்பு.

போரால் மறுநாளே காப்பகத்துக்குப் போனார். அந்தக் கோப்பு வைத்திருந்த குமாஸ்தா, பத்துத் தடவை வந்தாலும் பயனில்லை, வேலை நடக்கிறபோது நடக்கும் என்று எடுத்தவுடனே சொன்னார். நகர்த்தச் சொல்லி வரவில்லை, நகராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லித்தான் வந்திருக்கிறேன் என்றார் போரால். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் குமாஸ்தா இப்படி ஒரு மனுவைக் கண்டதில்லை. எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

அவர் சொன்ன யோசனையின்படி, காலியாக இருந்த பொதுமக்கள் பிரதிநிதி பதவிக்குப் போரால் விண்ணப்பித்து, காப்பகக் குழுவின் உறுப்பினர் ஆனார். மாதம் முதல் புதன்கிழமை கூட்டம். கோப்பு வருகிறபோதெல்லாம் ஒரு சந்தேகம் கேட்டுத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. முதல் மாதம், இணைப்பில் ஒரு பக்கம் தெளிவாக இல்லை என்றார். இரண்டாம் மாதம், ஆப்புகளை இடமிருந்து வலமாக எண்ணியதா வலமிருந்து இடமாக எண்ணியதா என்று கேட்டார். மூன்றாம் மாதம் அதற்குப் பதில் வந்தபோது, பார்ப்பவரின் இடமா, வீட்டின் இடமா என்று கேட்டார். குஹா அவரைப் பாராட்டி, இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிற உறுப்பினர் இதுவரை கிடைத்ததில்லை என்று குறிப்பில் எழுதினார்.

ஆறாம் மாதம் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு மனு வந்தது. முதல் கையெழுத்து மதன் லாஹாவுடையது. பள்ளிக்கூட நாளிலிருந்து போராலின் சிநேகிதர், கேரம் கூட்டாளி. தங்கள் பதினோரு வீட்டுக்கும் போட்டிருக்கிற தொடா முட்டில் ஆப்பு வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று எல்லோருமாகக் கேட்டிருந்தார்கள்.

போரால் மனுவை இரண்டு தடவை படித்தார். அனுமதி கொடுத்தால் தொடலாம் என்று ஆகும், தொடா முட்டு பொய் என்று ஆகும், முதல் வீட்டில் என்ன நடந்தது என்று தோண்டுவார்கள். மறுத்தால் அதே மறுப்பு தம் வீட்டுக்கும் வரும். பணியகத்தின் சார்பில் வந்திருந்த சாந்த்ரா மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். போரால் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனுவில் ஆப்பு என்பதற்கு விளக்கம் தரப்படவில்லை, மனுதாரர்களிடம் கேட்டு எழுதலாம் என்றார். எல்லோரும் ஆமோதித்தார்கள்.

அன்று மாலை போரால் லாஹா வீட்டுக்குப் போனார். நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னார். லாஹா கேரம் பலகையில் பவுடரைத் தூவிக்கொண்டே கேட்டுவிட்டுப் பதில் சொன்னார்.

“அட, நீ ஒருத்தன். ஆப்பு வச்சு ஒரு மாசம் ஆச்சு ஹரி. பதினோரு வீட்டுக்கும். உன் கோவர்த்தன்தான் வச்சான்.”

“அப்ப எதுக்குடா மனு?”

“மனு போட்டவன் வச்சிருக்க மாட்டான்னு நினைப்பாங்க இல்லை? மனு நிலுவையில இருக்கிற வரைக்கும் சோதனைக்கும் வர மாட்டாங்களாம். அந்தக் குமாஸ்தாதான் சொன்னாரு. நல்ல மனுஷன். உக்காரு, ஆட்டத்தை ஆரம்பி.”

பதினோரு வீடும் நின்றன. சாந்த்ராவுக்கு இரண்டாவது கேடயம் கிடைத்தது.

சுரங்கம் இப்போது தெற்கே திரும்பி, அவுரி நீல வியாபாரி ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய பெரிய மாளிகை ஒன்றின் கீழே போகிறது. மரபுக் கட்டடக் காப்பகத்தின் தலைமை அலுவலகம் அந்த மாளிகையில்தான் இருக்கிறது. அதற்கும் தொடா முட்டு போட்டிருக்கிறார்கள். சட்டம் எழுதிய இடமாதலால் அங்கே யாரும் சட்டத்தை மீற முடியவில்லை. அந்த வட்டாரத்திலேயே ஆப்பு இல்லாமல் நிற்கிற ஒரே கட்டடம் அதுதான். மாதாமாதம் குஹா ஸ்கேல் வைத்து அளக்கிறார். தை மாதம் எழுபத்தைந்து. மாசியில் அறுபத்தொன்று. பங்குனியில் நாற்பத்தெட்டு. சுவர் திருப்திகரமாக முன்னேறி வருவதாகக் குறிப்பு எழுதப்படுகிறது.

போரால் ஒருமுறை கூட்டத்தில் இதைப் பற்றி வாயெடுத்தார். மேஜையைச் சுற்றியிருந்த பதினோரு பேரும் அவரை ஏறிட்டுப் பார்த்தார்கள். குஹாவின் பார்வையில்கூடக் கெஞ்சல் தெரிந்தது. போரால் ஒரு டீ கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். டீயில் கொஞ்சம் சுண்ணாம்பு விழுந்திருந்தது. ஏட்டை எடுத்துவிட்டுக் குடித்தார்.

அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் ஒரு மாறுதல் வந்தது. பதினொரு மணிக் கூட்டத்துக்குப் பன்னிரண்டரைக்கு வருகிறவர்கள் எல்லாம் பத்தரைக்கே வர ஆரம்பித்தார்கள். பிறகு பத்துக்கு. பிறகு ஒன்பதரைக்கு. காலந்தவறாமைக்காக மாநிலத்திலேயே முதல் பரிசு அந்த அலுவலகத்துக்குக் கிடைத்தது. கூட்ட அறையில் வாசலோரம் நாற்காலிகள் நாலுதான் இருக்கின்றன என்பது பரிசு கொடுத்தவர்களுக்குத் தெரியாது.

போன புதன்கிழமை போரால் எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார். நாலு நாற்காலியும் நிரம்பியிருந்தன. சாந்த்ராவும் குஹாவும் குமாஸ்தாவும் மர நிபுணரும் கையில் கோப்போடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.